காப்பி கிளப்பில் பிரெவே படித்தவன்

பிரெவே பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் சுலபமாகப் பதில் சொல்லிவிடுவேன். வில்லியனூரில் அப்போது இருந்த மூன்று காப்பிக் கடைகளில். படித்தீர்களா என்று கேட்டால்தான் கொஞ்சம் சிக்கல்.

அது எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறியவனுக்கு மேரியிலோ கோர்ட்டிலோ ஒரு நாற்காலி நிச்சயம் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். மேரி என்றால் கொம்யூன் ஆபீஸ், இந்தக் கால நகராட்சி மாதிரி. அதற்குத் தலைவர் மேர். என் அப்பாவும் அந்த நாற்காலியை நம்பினார். குருவிநத்தத்தில் ஆற்றங்கரையை ஒட்டி எங்களுக்கு நெல்லும் கரும்பும் உண்டு. கரும்புக்குள் இறங்கினால் தோகை கிழித்து எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். "இவன் கரும்புக்கு ஆவமாட்டான், காயிதத்துக்காவது ஆவட்டும்" என்று சொல்லி அப்பா என்னைப் படிக்க வைத்தார். நான் காகிதத்துக்கும் ஆகவில்லை என்பது முதல் தடவை பரீட்சை எழுதியபோதே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு தடவை தவறுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் தடவை படிப்பதற்காக என்னை வில்லியனூரில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போய் ஒரு வாத்தியாரிடம் பாடம் கேட்பது, மற்ற நாட்களில் நானே படித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

மாமா வீட்டில் படிக்க முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பிள்ளைகள் சத்தம், அம்மி சத்தம், அத்தை வேலை ஏவுகிறாள் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான உண்மை வேறு. மாமா வீட்டுக்குள் உட்கார்ந்து படித்தால் நான் படிப்பது யாருக்குத் தெரியும்?

எங்கள் ஊரில் அப்போது காப்பி என்பது ஜுரம் வந்தால் கொடுப்பது. காலையில் கூழ், மத்தியானம் சோறு, அவ்வளவுதான். வில்லியனூருக்கு வந்த பிறகுதான் ஜுரம் இல்லாதவர்களும் காப்பி குடிக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டேன். காப்பி கிளப் என்று பலகை மாட்டிய இடத்துக்குள் நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்து, டபராவில் நுரை ததும்ப ஆற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்த அன்று எனக்கு நான் பாதி உத்தியோகஸ்தன் ஆகிவிட்டதாகவே தோன்றியது. மீதிப் பாதிக்குத்தான் பரீட்சை.

ஒரு கடை படிப்பதற்கு ஏற்றதா என்று பார்க்க என்னிடம் சில விதிகள் இருந்தன. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும். பெஞ்சு ஆடக் கூடாது. அடுப்புப் புகை முகத்தில் அடிக்கக் கூடாது. ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் முறைக்கக் கூடாது. இவையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்ட விதிகள். சொல்லாத விதி ஒன்று இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு நானும் என் புத்தகமும் நன்றாகத் தெரியவேண்டும்.

முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கடைக்குப் போனேன். வண்டி வரும் நேரம் வரை அங்கே ஈ ஓட்டுவார்கள். வண்டி ஊதியதும் திருவிழாக் கூட்டம். பயணிகள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்க்காமல் புத்தகம் பார்க்க யாரால் முடியும்? சுங்கக்காரர்கள் மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார்கள். யாரோ ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த பட்டுத்துணி அவிழ்ந்து விழும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய நான் என்ன சாமியாரா? ஆனால் அந்தக் கடையை நான் விட்டதற்கு அது காரணம் இல்லை. அங்கே காப்பி படுமட்டம். சிக்கரியை மட்டும் கொதிக்க வைத்து, காப்பிக்கொட்டையைத் தூரத்தில் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மாதா கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு கிறிஸ்தவ அம்மாள் நடத்திய ஆப்பக்கடை. காப்பியும் போடுவாள், அருமையாகப் போடுவாள். சந்தில் சத்தமே கிடையாது. நிழலான இடம். படிப்பதற்கென்றே கட்டியது போன்ற இடம் அது. அங்கேதான் தொல்லை. சந்தில் யாரும் வருவதில்லை. என்னைப் பார்ப்பதற்கு அந்த அம்மாளும் இரண்டு கோழிகளும்தான். அந்த அம்மாளோ என்னைப் பார்த்து மலைக்கவில்லை.

"இன்னா தம்பி, நேத்தும் இதே பக்கம்தான தொறந்து வச்சிருந்த?" என்றாள் ஒரு நாள்.

"திரும்பப் படிக்கிறேன்."

"அதுல மாட்டுப் படம் போட்டிருக்குது. மாட்டப் பத்தி இம்மாந் நாளா இன்னா படிக்கிற?"

அது புத்தகத்தின் முதல் பாடம். பசுவைப் பற்றியது. வேறு பாடமும் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து அந்தச் சந்துப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

மூன்றாவது கடைதான் கடை. மேரிக்கு நேர் எதிரே இருந்தது. வாசலை ஒட்டி அகலமான ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஆடாத பெஞ்சு, இடது பக்கத்திலிருந்து வெளிச்சம். மேரிக்கு வந்துபோகிற அத்தனை பேரும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். காப்பியோ, கும்பகோணத்திலிருந்து வந்த கைப்பக்குவம். முதல் நாள் போய் உட்கார்ந்ததும் கடை முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி எந்த ஊரு? யார் வூட்டுப் பிள்ள?" என்று விசாரித்தார். குருவிநத்தம் என்றும் இன்னாருடைய மகன் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டு அங்கே கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார். எனக்காகவே. காப்பியோடு கேட்காமலேயே வடை வந்தது. யாராவது என் பக்கத்தில் சத்தமாகப் பேசினால், "தம்பி பிரெஞ்சு படிக்குதுப்பா, கொஞ்சம் மெதுவா" என்று அவரே அடக்குவார்.

கல்விக்கு வில்லியனூரில் இவ்வளவு மரியாதையா என்று நான் உருகிப்போனேன். கொஞ்சம் வாய்விட்டும் படிக்க ஆரம்பித்தேன். முதல் பாடத்தைத்தான். அதுதான் தடுக்காமல் வரும்.

ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கடையில் நான் நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் காப்பியை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பேன். விடிந்ததிலிருந்து சேற்றில் நின்று நடவு நட்டுவிட்டு வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது. அவர்கள் வெளியே நின்று, அவர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து, குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். என் ஜன்னலுக்கு நேராகத்தான் நிற்பார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். அந்தச் சமயத்தில் மட்டும்தான் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

இதற்குள் மேரித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துத் தேர்தலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கட்சி என்பது கொள்கை சம்பந்தப்பட்டது அல்ல. யார் யாரோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறான் என்பதுதான் கட்சி. மேர் கட்சிக்காரன் மறு கட்சிக்காரனுடைய கடையில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். மறு கட்சிக்காரன் மேர் கட்சிக்காரனின் வண்டியில் ஏறமாட்டான். அம்பட்டனும் வண்ணானும்கூடக் கட்சி பார்த்துத்தான். தடியும் கல்லும் வெளியே வருவது தேர்தல் நாளில். காப்பி டம்ளர் ஆறு மாதத்துக்கு முன்பே பிரிந்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். குருவிநத்தம் சேர்ந்த எங்கள் பாகூர்ப் பக்கத்திலும் இதே கதைதான். அங்கே என் அப்பா மேர் கட்சிக்கு வேண்டியவர். ஆனால் வில்லியனூரில் எந்தக் கடை எந்தக் கட்சி என்று கேட்டுக்கொண்டு காப்பி குடிக்கவேண்டும் என்பது என் மூளையில் உறைக்கவில்லை. ரயிலடிக் கடை மேர் கட்சி. அதனால்தான் அவ்வளவு மட்டமான காப்பியையும் அத்தனை பேர் குடித்தார்கள். மேரிக்கு எதிரே இருந்த என்னுடைய கடை மறு கட்சி. மேருக்கு வேண்டிய ஒரு பாகூர்ப் புள்ளியின் மகன் ரயிலடிக் கடையை உதறிவிட்டு வந்து, தினம் மேரின் கண் முன்னாலேயே மறு கட்சிக் கடையில் உட்காருகிறான் என்றால், அவனுக்கு நாற்காலி போடாமல் யாருக்குப் போடுவார்கள்? என்னை ஜன்னலில் வைத்திருந்தது நான் உலகத்தைப் பார்ப்பதற்கு அல்ல. பொம்மைக் கடையில் பொம்மையை முன்னால் வைப்பார்களே, அதற்காக.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் காலையில் மேரியின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முழுக்க முழுக்கப் பிரெஞ்சில். மேரை வறுத்தெடுத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்து படித்துப் பார்த்துவிட்டு, "பாரீசில் பிறந்தவன் எழுதினது மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதியவர் யார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் வில்லியனூருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எதிர்க்கடை ஜன்னலில் தினம் பிரெஞ்சுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவனைத் தவிர வேறு யார்?

அன்று நான் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு வாடிக்கைக்காரர் நாற்காலி அருகே வந்து குனிந்து, "இன்னா தம்பி, நோட்டீசு நம்ம வேலதான?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் பாரீசில் பிறந்தவன் எழுதினது மாதிரி என்று வாத்தியார் சொன்னது காதிலேயே இனித்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் என் பிரெஞ்சைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதை எழுதியவன் நான் இல்லை என்ற அற்ப விஷயத்துக்காக அந்தப் பாராட்டைக் கைநழுவ விட மனம் வரவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடம் ஜாதகத்தில் தட்டிப் போயிற்று. இன்னொரு இடம் வாய்க்கால் தகராறில் போயிற்று. வயது ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியாக வில்லியனூரிலேயே ஒரு இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை புதுச்சேரி மில்லில் வேலை பார்ப்பவர். அவருடைய அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். ஊரில் எல்லோரும் அவரை சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். மீசையும் சைகோன் நாற்காலியும் பிரெஞ்சுப் பேச்சுமாக இருப்பார். மேர் கட்சியில் முன்வரிசை. தாம்பூலம் மாற்றுவதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் சொல்தா வீட்டிலிருந்து மாமாவுக்கு ஆள் வந்தது. தாம்பூலத்தை நிறுத்தி வைக்கிறோம். மேரைத் திட்டி எழுதுகிறவன் வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு மேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமா என்னைக் கேட்காமலே அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். நான் அன்றைக்கே வண்டி பிடித்து ஊருக்குப் போனேன். வழியில் கிருமாம்பாக்கத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காப்பி குடிக்கலாம் என்று வண்டிக்காரர் கூப்பிட்டபோது, அந்தக் கீற்றுக் கொட்டகை எந்தக் கட்சி என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அப்பா என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை, அது இன்னும் மோசம். அக்கா கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றை விடாமலே கேட்டாள்.

"நீ எழுதினியாடா?"

"இல்ல."

"அப்ப இல்லன்னு சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டயா?"

"சொன்னா நம்பமாட்டாங்கக்கா."

"நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கோபமாக இருந்தால் எனக்குப் பழக்கம். அன்று கோபம் இல்லை.

"மொத ரெண்டு எடம் போனப்ப நான் ஒண்ணும் சொல்லல. போனா போவட்டும்னு விட்டுட்டேன். இவரு பொண்ணு பாக்க வந்தாரு இல்ல, அப்ப எல்லாரும் பலகாரம் நல்லாயிருக்குன்னாங்க. இவரு மட்டும் ஆத்தங்கர காத்து நல்லாயிருக்குன்னாரு. எனக்கு இவரப் புடிச்சிருக்குடா. இது போச்சுன்னா நான் அழுவேன்."

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு அழகாகப் பேசுகிறவள் என் அக்கா என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானே போய்ச் சொல்தாவிடம் பேசுகிறேன் என்றேன். "பேசாத. நீ பேசினது போதும். எப்படியாவது நம்ப வை" என்றாள்.

மறுநாள் அப்பாவும் நானும் வண்டியில் வில்லியனூருக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நான் யோசித்தேன். எழுதவில்லை என்று சத்தியம் செய்தால் நம்பமாட்டார்கள். எழுதத் தெரியாது என்று காட்டினால் நம்புவார்கள். சொல்தா என்னைச் சோதிப்பார். நான் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதவேண்டும். என் கல்வியை அக்காவுக்காகப் பலி கொடுக்கவேண்டும். இப்படி நினைத்தபோது எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு பெரிய தியாகம்! எந்த எந்த இடத்தில் பிழை செய்வது என்றுகூடத் திட்டம் போட்டுவிட்டேன்.

சொல்தா வீட்டுக் கூடத்தில் மேர் கட்சிக்காரர்கள் சிலர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, மாப்பிள்ளையின் அம்மா. சொல்தா தன்னுடைய சைகோன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம் மவன் எழுதலீங்க" என்றார். அப்பா இன்னொருவர் முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது.

சொல்தா என்னைக் கூப்பிட்டார். முன்னால் ஒரு மேசை, காகிதம், பென்சில்.

"ஒக்காரு. மேரத் திட்டிப் பிரெஞ்சுல எழுது. நான் சொல்றேன், பயப்படாத. நல்லாத் திட்டு."

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் குறுக்கே பேசினார். "அதெப்படிங்க? பையன் வேணும்னே தப்பா எழுதிட்டா?"

சொல்தா மீசைக்குள் சிரித்தார். "பட்டாளத்துல கவாத்துக்கு பயந்துகினு நொண்டுற மாரி நடிச்சவன் எத்தினியோ பேரப் பாத்திருக்கேன். நெச நொண்டி எது, பாசாங்கு நொண்டி எதுன்னு எனக்குத் தெரியும். எழுதட்டும்."

வண்டியில் போட்ட திட்டம் எல்லாம் போயிற்று. இந்த மனிதர் நான் வேண்டுமென்றே செய்கிற பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவார். பென்சிலை எடுத்தேன். மேர் என்று எழுதினேன். அதுவரை சரி. அதற்கு அப்புறம் என்ன? நல்ல பிரெஞ்சில் எழுதினால் அக்கா கல்யாணம் போச்சு, கெட்ட பிரெஞ்சில் எழுதினால் பாசாங்கு என்பார், இரண்டுக்கும் நடுவில் எழுதலாம் என்று பார்த்தால், ஒரு விஷயம் மெதுவாகப் புரிந்தது. என்னிடம் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மண்டைக்குள் தேடினேன், துழாவினேன். அத்தனை மாதம், அத்தனை காப்பி, மூன்று கடை. உள்ளே ஒரே ஒரு பாடம்தான் இருந்தது.

பசு.

வேறு வழியில்லை. பசு இருந்த இடத்தில் மேரை வைத்து ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனப்பாடம் என்பது சரிவில் விட்ட வண்டி மாதிரி, நடுவில் நிற்காது. பாடம் முடிகிற வரை கை ஓடியது. கொம்பு வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். ஆனால் கொம்பை விட்டால் வாலுக்குப் போகத் தெரியாது. எழுதினேன்.

சொல்தா காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் புருவம் நெரிந்தது. பிறகு மீசை துடித்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்தில் இருந்தவர்களுக்காகத் தமிழில் படித்தார்.

"மேர் ஒரு சாதுவான வீட்டு மிருகம். அவளுக்கு நாலு காலு இருக்குது. ரெண்டு கொம்பு, ஒரு வாலு. அவ புல்லு திங்கிறா. காலையிலயும் சாயங்காலமும் நமக்குப் பால் குடுக்குறா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"செத்த பொறவு அவ தோல்ல நாம செருப்பு தெச்சிக்கிறோம்" என்று படித்து முடித்தார் சொல்தா.

முதலில் சிரித்தது கதவுக்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளையின் அம்மா. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மேர் கட்சிக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். சொல்தா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் அப்பாவின் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இது பாசாங்கு இல்லய்யா. இது நெச நொண்டி. இவனாவது, நோட்டீசு எழுதுறதாவது! தாம்பூலத்த எடுத்துகினு வாங்க."

தாம்பூலம் அன்றைக்கே மாறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் முகம்தான் கண்முன் நின்றது. ஆனால் சந்தோஷத்தின் ஓரத்தில் ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. தியாகம் செய்ய வந்தவனுக்குத் தியாகம் செய்யக் கையில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

திரும்பும்போது அப்பாதான் வண்டியை ஓட்டினார். சுங்கச் சாவடி தாண்டிய பிறகு, மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே, "மாட்டப் பத்தியாவது ஒழுங்காத் தெரிஞ்சிருக்குதே" என்றார்.

மறு வாரம் என் கடைக்குப் போனேன். கைவைத்த நாற்காலி இல்லை. அதே இடத்தில் பழைய பெஞ்சு; அதில் வேறு யாரோ. முதலாளி என்னைப் பார்க்காத மாதிரி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்காமல் வந்த வடை, கேட்டும் வரவில்லை. ரயிலடிக் கடைக்குப் போனேன். அங்கே என்னைப் பிரியமாக வரவேற்று, "இன்னா தம்பி, மேர் இன்னிக்கி பால் கறந்தாரா?" என்று கேட்டார்கள். கடைசியில் மாதா கோயில் சந்தில் ஆப்பக்கடைக்கே போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் காப்பி வைத்தாள். நான் இரண்டாம் பாடத்தைத் திறந்து வைத்தேன்.

அறுப்பு முடிந்ததும் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அவள் வில்லியனூருக்கே வந்துவிட்டாள். வந்த இடத்தில் எல்லோரிடமும் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னாள், நாத்தனாரிடம் சொன்னாள், புருஷனிடம் தினம் சொன்னாள் போலிருக்கிறது. "எந் தம்பி எவ்ளோ படிச்சவன் தெரியுமா? எனக்காக வேணும்னே அப்படி எழுதினான். அத்தினி பேரு சிரிச்சும் வாயத் தொறக்கல." ஒரு நாள் நான் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மானத்தக் குடுத்து எனக்கு வாழ்க்கயக் குடுத்தடா" என்று கண் கலங்கினாள். சொல்தா நாற்காலியில் இருந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் பெரிய மனுஷர்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொல்லச் சொல்லக் கேட்டு, ஒரு கட்டத்தில் எனக்கே அது உண்மையாக இருக்குமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் பிரெவே வந்தது. எழுதினேன். முடிவு தெரிகிற அன்று புதுச்சேரிக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்தேன். எனக்காகப் பாயசம் வைத்திருந்தாள். வாசலுக்கு ஓடி வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள். தேறவில்லை என்றேன். ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு உள்ளே திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"அங்க யாரு கல்யாணத்துக்குடா தப்பா எழுதின?"